கவண்டிஷ் அளந்தது எதனை?

உயர்தர வகுப்பிலே பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவரை நிறுத்தி, ஈர்ப்பு மாறிலியை முதன்முதலில் அளந்தவர் யார் என வினவினால், "ஹென்றி கவண்டிஷ், 1798" என்ற விடை தயக்கமின்றி வரும். விடை சிறியது, மனனஞ் செய்வதற்கு எளியது, பரீட்சையிற் புள்ளி பெற்றுத் தரவும் வல்லது. உண்மையன்று என்பது மட்டுமே அதன் குறை.

1798ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் திகதி இலண்டன் றோயல் சங்கத்தில் வாசிக்கப்பட்ட கவண்டிஷின் கட்டுரை, 'பூமியின் அடர்த்தியைத் துணிவதற்கான பரிசோதனைகள்' என்னும் தலைப்பினை உடையது. ஐம்பதுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட அக்கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து ஈறுவரை துருவித் தேடினாலும் 'ஜீ' என்ற குறியீட்டையோ, ஈர்ப்பு மாறிலி என்ற கருத்தையோ அங்குக் காண இயலாது. நீரைவிடப் பூமி எத்தனை மடங்கு அடர்த்தியானது என்ற வினாவுக்கு 5.48 மடங்கு என்று அவர் விடை கூறினார். அவருக்கு வேண்டியிருந்ததும் அவ்விடையே. நியூற்றனின் ஈர்ப்பு விதி அக்காலத்தில் விகிதசமமாகவே கூறப்பட்டது. ஒரு விசையை மற்றொரு விசையோடு ஒப்பிடுவதற்கு மாறிலி எதுவும் தேவைப்படவில்லை. மாறிலியைத் தனித்ததோர் இயற்கை எண்ணாகக் கருதி அளவிடும் நோக்கு, பிரெஞ்சு அறிஞரான கோர்ணுவும் அவருடைய சகாவும் 1873இல் வெளியிட்ட ஆய்வினை ஒட்டியே தலைகாட்டியது. 1890களில் போய்ஸ் என்பார் தமது ஆய்வை 'நியூற்றனின் ஈர்ப்பு மாறிலி' பற்றியது என்றே கூறி 'ஜீ' என்ற எழுத்தைக் கையாண்டபோது கவண்டிஷ் இறந்து எண்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவது யாவரும் அறிந்ததே. பூமியின் அடர்த்தியும், அதன் ஆரையும், புவியீர்ப்பினாலாகும் ஆர்முடுகலும் தெரிந்தால் மாறிலியை ஒரே வரியிற் கணித்து விடலாம். கவண்டிஷின் எண்ணிலிருந்து அவ்வாறு கணித்துப் பெறும் பெறுமானம் இன்றைய பெறுமானத்திலிருந்து ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றே வேறுபடுகின்றது. ஆகவே அவர் மாறிலியை அளந்தார் என்பதில் என்ன தவறு எனக் கேட்பர். அட்சரகணிதத்தில் தவறில்லை, தவறு வரலாற்றில் உள்ளது. சங்கச் செய்யுள் ஒன்றுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய சமயக் கோட்பாட்டை ஏற்றி உரை கூறும் உரையாசிரியரை, காலவழு செய்தார் எனக் கண்டிக்கத் தமிழ் மாணவர் தயங்குவதில்லை. பழம்பாட்டின் சொற்களிலிருந்து அக்கோட்பாட்டை வலிந்து பெற முடியும் என்பதனால், பாடிய புலவர் அதனையே கருதினார் என்று ஆகிவிடாது. விஞ்ஞானப் பாடநூலில் இதே காலவழு அச்சாகும்போது மட்டும் அதனைச் சிறுபிழையென ஒதுக்குவது எவ்வகை நியாயம்? அமெரிக்க பௌதிக ஆசிரியருக்கான சஞ்சிகை ஒன்றில் 1987இல் குளொற்ஃபெல்ற்றர் என்பவர் இதனை விரிவாக எடுத்துக்காட்டியிருந்தும், பிழையான வாக்கியம் நூலுக்கு நூல் பெயர்ந்து கொண்டேயிருக்கின்றது.

இப்பிழை ஒரு பெயரையும் மறைத்துவிடுகின்றது. கருவியை அமைத்தவர் கவண்டிஷ் அல்லர். யோர்க்சயரிலுள்ள தோண்ஹில் என்ற ஊரின் திருச்சபைக் குருவாக இருந்த ஜோன் மிச்செல் என்பவரே அம்முறையைச் சிந்தித்துக் கருவியையும் செய்தார். பரிசோதனை தொடங்குமுன்னரே 1793இல் அவர் இறந்தார். கருவி கேம்பிறிட்ஜ் பேராசிரியரான வொலஸ்ரனிடஞ் சென்று, அவரிடமிருந்து கவண்டிஷை அடைந்தது. கவண்டிஷ் இதனைத் தமது கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். முறுக்கற்றராசு பற்றிக் கூலோமின் ஆய்வுகள் வெளிவருமுன்னரே மிச்செல் தம்மிடம் இம்முறையை விளக்கியிருந்தார் என்பதையும் அவர் பதிவு செய்யத் தவறவில்லை. இறுதிப் பரிசோதனைகள் சிலவற்றில் தொலைகாட்டியினூடாக நோக்கியவர் றோயல் சங்கத்தின் எழுதுவினைஞரான ஜோர்ஜ் கில்பின் என்பதும் அதே கட்டுரையிலிருந்தே தெரியவருகின்றது. டெவன்சயர் கோமகனின் பேரனாகப் பிறந்து பெருஞ்செல்வத்தோடு வாழ்ந்த கவண்டிஷ் மறைக்காத பெயர்களைப் பாடநூல்கள் மறைத்துள்ளன. ஒரு மாமனிதர், ஓர் ஆண்டு, ஓர் எண் என்ற வாய்பாட்டுக்குள் நாட்டுப்புறக் குருவுக்கும் எழுதுவினைஞருக்கும் இடமில்லை.

இனி மறுதரப்பினரை நோக்கலாம். பாடநூல் கூறுவது பொய் என்பதைக் கண்டுகொண்ட சிலர், பரிசோதனையே பொய் என்ற முடிவுக்குத் தாவுகின்றனர். பூமி தட்டையானது என வாதிடும் கூட்டத்தார் இவர்களுள் முதன்மையானவர். பொருள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதை எவரும் கண்டதில்லை. ஒரு செல்வந்தர் தம் வீட்டின் பூட்டிய அறையில் தனித்திருந்து கண்டதாகக் கூறியதை உலகம் நம்பிவிட்டது. அவர் கண்ட அசைவு காற்றினாலோ மின்னேற்றத்தினாலோ நிகழ்ந்திருக்கலாம். ஈயக் குண்டு ஈர்க்குமாயின் அறையின் சுவர் அதனிலும் பாரமானதன்றோ, அதன் ஈர்ப்பு எங்கே? இவ்வினாக்களைக் கேட்டவுடன் ஏளனஞ் செய்வது விஞ்ஞானப் பிரிவு மாணவர் பலரின் வழக்கம். ஏளனம் விடையாகாது. இவ்வினாக்களுட் சில நல்ல வினாக்கள். அவற்றைக் கேட்போர், விடைக்குக் காத்திராது எழுந்து சென்றுவிடுவதே கண்டிக்கத்தக்கது.

கருவியின் அமைப்பை அறிந்தாலன்றி இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. ஆறடி நீளமான மரக்கோல் ஒன்று அதன் நடுவிலே மெல்லிய கம்பியினால் தொங்கவிடப்பட்டது. கோலின் இரு முனைகளிலும் இரண்டு அங்குல விட்டமுடைய ஈயக் குண்டுகள் தொங்கின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.73 கிலோகிராம் நிறையுடையது. கோலும் சிறு குண்டுகளும் மரப்பெட்டியினுள் அடைக்கப்பட்டன. பெட்டிக்கு வெளியே 348 இறாத்தல், அதாவது 158 கிலோகிராம் நிறையுடைய இரு பெரிய ஈயக் குண்டுகள், சிறியவற்றின் அருகே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுசெல்லத்தக்கவாறு கப்பியிற் பொருத்தப்பட்டன. அறை மூடப்பட்டிருந்தது. கவண்டிஷ் அறைக்கு வெளியே நின்று கயிற்றினால் பெருங்குண்டுகளை நகர்த்தி, சுவரிற் செய்த துவாரத்திற் பொருத்திய தொலைகாட்டியினால் கோலின் முனையைப் பார்த்தார். கோல் விலகிய தூரம் ஓர் அங்குலத்தின் ஆறிலொரு பங்களவே. அதனை அங்குலத்தின் நூற்றிலொரு பங்குவரை வாசிக்கத்தக்க வேணியர் அளவுத்திட்டம் தந்தமீது பொறிக்கப்பட்டிருந்தது.

ஆகவே அறையினுள் தனித்திருந்து கண்டார் என்ற குற்றச்சாட்டு முதலடியிலேயே வீழ்கின்றது. அறையினுள் எவரும் இருக்கலாகாது என்பதே ஏற்பாடு. மனித உடலின் வெப்பமே கோலை அசைத்துவிடும். சுவர் பற்றிய வினா இதனிலும் சிறந்தது. அதற்குரிய விடையும் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. சுவர் ஈர்க்கவே செய்கின்றது. ஆயின் சுவர் அசைவதில்லை. பெருங்குண்டுகள் ஒரு பக்கத்தில் உள்ளபோது கோல் நிற்கும் இடத்துக்கும், மறுபக்கத்தில் உள்ளபோது அது நிற்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடே அளக்கப்பட்டது. இரு நிலைகளிலும் மாறாதிருக்கும் சுவரின் ஈர்ப்பும் கூரையின் ஈர்ப்பும் அவ்வேறுபாட்டில் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. நகர்த்தப்பட்ட பொருளின் விளைவே எஞ்சுகின்றது.

அவ்விளைவு ஈர்ப்புத்தானா? இவ்வையத்தை எழுப்புவதற்குத் தட்டைப் பூமிக்காரர் எவரும் தேவைப்படவில்லை. கவண்டிஷே அதனை எழுப்பினார். அவர் கட்டுரையின் பெரும்பகுதி முடிவு பற்றியதன்று. முடிவைக் கெடுக்கக்கூடியவை பற்றியது. பெருங்குண்டுகளைத் தாங்கிய இரும்புக் கோல்கள் காந்தமேறி இழுக்கின்றனவோ என்று ஐயுற்று, அவற்றை நீக்கிச் செப்புக் கோல்களைப் பொருத்தினார். ஐயம் தீராமையாற் குண்டுகளின் இடத்தில் காந்தங்களையே வைத்து நோக்கினார். குண்டுகளை நகர்த்திய பின்னர் கோலின் விலகல் நேரஞ் செல்லச் செல்லக் கூடிவருவதைக் கண்டார். கம்பியின் மீள்தன்மை குன்றுவதால் இது நிகழ்கின்றதோ எனச் சோதித்தார், அன்று. குண்டுகளின் வெப்பநிலை பெட்டியின் வெப்பநிலையோடு ஒவ்வாதிருக்குமாயின் பெட்டியினுட் காற்றோட்டம் எழும் என ஊகித்து, குண்டுகளை விளக்குகளால் வேண்டுமென்றே சூடாக்கினார், விளைவு பெருகியது, காரணமும் வெளிப்பட்டது. முதற்கம்பி போதிய விறைப்பற்றதாய் இருந்தமையால் கோல் பெட்டியின் பக்கத்தைத் தொடுவதைக் கண்டு விறைப்பான கம்பியை இட்டார். பதினைந்து நிமிடம் எடுத்த அலைவு ஏழு நிமிடமாகக் குறைந்தது. அறுபத்தாறு வயது முதியவர் ஒருவர் 1797 ஆகஸ்ட் தொடக்கம் அடுத்த ஆண்டு மே வரையும் இவ்வாறு தம்மையே குறுக்குவிசாரணை செய்துகொண்டிருந்தார். சிறு குண்டின் நிறையோடு ஒப்பிடின் ஐந்து கோடியில் ஒரு பங்கேயான விசையைத் தேடுபவருக்கு வேறு வழியில்லை.

இத்தகைய மனிதரைத்தான் ஒரு சாரார் தவறே செய்யாத தெய்வமாகவும் மறுசாரார் மோசடிக்காரராகவும் ஆக்கியுள்ளனர். அவர் தவறு செய்தார். அதுவும் சிறுவர் செய்யுந் தவறு. 29 பெறுமானங்களின் சராசரியை அவர் 5.48 எனக் கூறினார். அதே பெறுமானங்களைக் கூட்டிப் பார்த்தால் 5.448 வருகின்றது. மூன்றாவது பெறுமானம் 4.88, அதனை 5.88 எனக் கொண்டு கூட்டினாலன்றி 5.48 வாராது. சராசரியிலுள்ள இப்பிழை நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னரே பிரான்சிஸ் பெய்லியினாற் சுட்டிக்காட்டப்பட்டது. பௌதிகம் பயிலாத கலைப்பீட மாணவரும் தாளும் பேனாவுங் கொண்டு கால்மணி நேரத்தில் இதனைச் சரிபார்க்கலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த இப்பிழையை, அவ்வெண்ணைப் போற்றும் பாடநூல்களுள் எத்தனை கூறுகின்றன? பிழையைக் கூறினால் மாணவர் நம்பிக்கை இழப்பர் என்ற அச்சம் போலும். கூறாமையினாலேயே நம்பிக்கை இழந்தோர் தட்டைப் பூமிக்குப் போய்ச் சேருகின்றனர்.

கவண்டிஷை ஐயுற்றோர் வரிசையில் மதிப்புக்குரியவர் பலர் உளர். ஸ்கொத்லாந்தின் சிஹாலியன் மலையருகே தூக்குநூல் சாய்ந்த அளவை மஸ்கெலின் 1774இல் அளந்தார். அதனைக் கொண்டு சாள்ஸ் ஹற்றன் பூமியின் அடர்த்தியை 4.5 எனக் கணித்தார். கவண்டிஷின் எண் தம்முடையதோடு ஒவ்வாமையால், எண்பது வயது கடந்த பின்னர், 1821இல் ஹற்றன் கவண்டிஷின் கணக்குகளைக் குறைகூறி எழுதினார். அவருடைய ஐயத்திலே தன்மானம் கலந்திருந்தது எனலாம். எனினும் அது எண்ணோடு எண்ணை மோதவிட்ட ஐயம். மலையின் பாறை அடர்த்தியை அவர் அனுமானித்தது பிழை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1854இல் எயறி சுரங்கத்தின் மேலும் கீழும் ஊசலை ஆட்டிப் பெற்ற 6.57 என்ற எண் மறுபுறமாக வழுவியது. மலையும் சுரங்கமும் பாறையின் அடர்த்தியை அறிந்தோர்க்கே விடை தருவன. ஈயக் குண்டின் அடர்த்தியோ எவர்க்குந் தெரியும்.

பெய்லியின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 1842இல் அவர் வெளியிட்ட முடிவு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோக்கல்களின் மேல் நின்றது. ஈயம், பிளாற்றினம், நாகம், கண்ணாடி, யானைத்தந்தம், பித்தளை எனக் குண்டுகளையும் மாற்றிப் பார்த்தார். அவர் பெற்ற விடை 5.67. இன்றைய பெறுமானம் 5.51. இருபத்தொன்பது நோக்கல்களோடு நின்ற கவண்டிஷ், கூட்டற்பிழையோடும் சேர்த்து, உண்மைக்கு அண்மையில் நின்றார். இரண்டாயிரம் நோக்கியவர் விலகி நின்றார். ஒரே பக்கம் சாயும் முறைமை வழுவை எண்ணிக்கையினால் வெல்ல முடியாது என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. ஜேர்மனியில் றைஷ் 1838இல் 5.44 எனக் கண்டார். பொயின்ரிங் முறுக்கற்கம்பியையே கைவிட்டுச் சாதாரண தராசினால் நிறுத்து 1891இல் 5.49 என்றார். போய்ஸ் குவாட்ஸ் இழையில் மிகச் சிறிய குண்டுகளைத் தொங்கவிட்டு 5.53 என்றார். பருமனும் பதார்த்தமும் கருவியும் நாடும் மாறிய பின்னரும் விடைகள் சில சதவீதத்துக்குள் அடங்கி நிற்கின்றன. தற்செயலாய் ஏறிய மின்னேற்றம் இத்தனை ஆய்வுகூடங்களில், இத்தனை ஆண்டுகளில், ஒரே அளவாய் ஏறியது என்று நம்புவதற்கு ஈர்ப்பை நம்புவதைவிடப் பன்மடங்கு நம்பிக்கை வேண்டும்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழக்கூடும். கலைப்பீட மாணவருக்கு ஈயக் குண்டில் என்ன வேலை? பத்தாம் வகுப்போடு விஞ்ஞானத்தை விட்டு நீங்கியவர் முறுக்கற்றராசைப் பற்றி வாய்திறக்கலாமா? இவ்வாட்சேபமே நோயின் வேர். பதினாறு வயதிலே பிள்ளைகளைத் துறை பிரித்து, ஒரு சாராருக்கு விடைகளைக் கொடுத்து வினாக்களைப் பறிப்பதும், மறுசாராரை வாசலிலேயே நிறுத்திவிடுவதும் கல்வியென வழங்குகின்றன. ஒரு மூலபாடத்தை அதன் காலத்தில் வைத்துப் படித்தல், அது கூறாததை அதன்மேல் ஏற்றாதிருத்தல், பாடபேதத்தை ஒப்புநோக்கல், சான்றினை எடைபோடல் ஆகியன கலைப்பீடத்தின் தொழில். கவண்டிஷின் கட்டுரைக்கு இல்லாது போயிருப்பது இத்தொழிலே. பௌதிகப் பேராசிரியர்க்குக் குறைவில்லை. மேடையிலும் எழுத்திலும் 'விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்ற தொடரைத் தமிழிலே கைதட்டலுக்காக வீசுவோர், எவர் நிரூபித்தார், எதனால், எத்துணை வழுவோடு என்று ஒருமுறையேனும் கேட்கப்பட்டதுண்டா?

கேட்கவேண்டிய வினா உண்மையிலேயே உள்ளது. தட்டைப் பூமிக்காரர் அதனைக் கேட்பதில்லை. பாடநூல்கள் பெரும்பாலும் அதனைச் சொல்வதில்லை. இயற்கையின் அடிப்படை மாறிலிகளுள் மிகக் குறைந்த திருத்தத்தோடு அறியப்பட்டவற்றுள் ஈர்ப்பு மாறிலி ஒன்று. செயற்கைக் கோள்களின் இயக்கத்தைக் கொண்டு பூமியின் திணிவும் மாறிலியும் சேர்ந்த பெருக்கத்தை மிக நுட்பமாக அறியலாம். இரண்டையும் பிரித்தறிவதற்கு இன்றும் ஆய்வுகூடத்துக் குண்டுகளிடமே திரும்பவேண்டும். பூமியின் திணிவு எவ்வளவு என்பதில் உள்ள ஐயம் முழுவதும் அக்குண்டுகளிலிருந்து வருவதே. 1986இல் சருவதேசக் குழு மாறிலிக்குக் கொடுத்த நிச்சயமின்மை பத்திலட்சத்தில் 128 பங்கு. 1998இல் அதே குழு அதனை 1500 பங்காக விரித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அறிவு பன்னிரண்டு மடங்கு குறைந்தது எனலாம். ஜேர்மனியின் அளவீட்டு நிறுவகம் பெற்ற ஓர் எண் ஏனையவற்றிலிருந்து நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேல் விலகி நின்றமை இதற்கு முக்கிய காரணமாயிற்று. அவ்வெண்ணின் பிழை பின்னர் கருவியின் மின்கொள்ளளவத்திற் கண்டறியப்பட்டது. 1995இல் ஜப்பானிய அறிஞர் குரோடா, முறுக்கல் இழை முற்றும் மீள்தன்மையுடையதன்று என்பதையும், அலைவுகாலத்தைக் கொண்டு அளப்போரை அது வழிதவறச் செய்யும் என்பதையும் எடுத்துக்காட்டினார். கவண்டிஷ் தம் கம்பியைப் பற்றி ஐயுற்றதும், குரோடா இழையைப் பற்றி ஐயுற்றதும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளால் பிரிக்கப்பட்டவையெனினும் ஒரே திசையை நோக்கியவை.

பத்தின் அடுக்கை விடுத்து நோக்கின், 2010இல் அமெரிக்காவில் ஊசல்களைக் கொண்டு பெற்ற எண் 6.67234, 2013இல் பாரிசுக்கு அண்மையிலுள்ள சருவதேச நிறை அளவைப் பணியகம் முறுக்கற்றராசினாற் பெற்ற எண் 6.67545. இவற்றின் வேறுபாடு, ஒவ்வொரு குழுவினரும் தமது எண்ணுக்கு ஒப்புக்கொண்ட வழுவின் பன்மடங்கு. 2018இல் சீனாவின் வூஹான் நகர ஆய்வாளர் இரு வேறு முறைகளால் அளந்து இரு எண்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டனர். ஒன்று 6.674184; மற்றது 6.674484. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கூறிய நிச்சயமின்மை பத்திலட்சத்தில் பன்னிரண்டு பங்கே. அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடோ நாற்பத்தைந்து பங்கு. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் வெளியிட்டிருப்பின் அவர்களை எவரும் வினவியிரார். அவர்கள் இரண்டையும் அச்சிட்டனர்.